சலோமத் அபா தின்னும் மாத்திரை

ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன ஆண்கள் ஊர் திரும்ப டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் ஊரில் மூன்று வேலைகள் தொடங்கும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அறுக்கப்போகும் ஆட்டைத் தனியாகக் கட்டித் தீனி போடுவார்கள். மருமகள்கள் மாத்திரை தின்ன ஆரம்பிப்பார்கள். முதல் இரண்டையும் பற்றி ஊரே கூடிப் பேசும். மூன்றாவதைப் பற்றி எவளும் வாயைத் திறக்க மாட்டாள். ஆனாலும் டிசம்பர் பிறந்ததும் இஸ்ஃபரா கடைத்தெருவின் மருந்துக்கடைகளில் அந்த அட்டைகள் மட்டும் மாயமாகிவிடும்.

ஹோசியத் கிழவியின் வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் சலோமத், நாற்பதைத் தொட்டவள், வாயாடி. இளையவள் முனீஸா, முப்பத்தொன்று, மூன்று பிள்ளைகள், கடைக்குட்டி இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கிறாள். இருவரும் மாமியாரை ஓயா என்பார்கள், அம்மா என்று அர்த்தம். முனீஸா தன் ஓரகத்தியை அபா என்பாள், அக்கா என்று அர்த்தம். அழைப்பில் குறை வைக்காத குடும்பம்.

அந்த வீட்டு வாசலில் எப்போதும் ஐந்தாறு ஜோடி ரப்பர் செருப்புகள் கிடக்கும். எது யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. கோழிக்குத் தவிடு வைக்கப் போகிறவள் காலுக்குப் பக்கத்தில் கிடப்பதை மாட்டிக்கொண்டு போவாள். பெரிதாக இருந்தால் இழுத்துக்கொண்டு, சிறிதாக இருந்தால் குதிகாலை வெளியே விட்டுக்கொண்டு. மாத்திரையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

"இந்தா, நான் தின்னுறது. எட்டு வருஷமா தின்னுறேன். என்னப் பாரு, மாடு மாதிரி இருக்கேன்" என்று சலோமத் ஒரு அட்டையை முனீஸாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "அவங்க டிக்கெட் எடுத்த அன்னைக்கு ஆரம்பி. மார்ச்ல திரும்பிப் போனதும் நிறுத்திடு. சும்மா இருக்கற மாசத்துக்கு எதுக்கு மருந்து?"

முனீஸா மறுக்கவில்லை. இன்னொரு கர்ப்பத்தைத் தாங்கும் நிலையில் அவள் இல்லை. போன ஜனவரியில் கடைக்குட்டியை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் போய், வேறு யாரோ நாலு பேருடைய ரத்தத்தை ஏற்றித்தான் பிழைத்தாள். தையல் பிரித்த அன்று நகரத்துப் பெரிய டாக்டர், கட்டிலில் கிடந்தவளின் தலைக்கு மேலாக, அவள் மாமியாரிடம் ஏதோ பேசினார். அவர் போன பிறகு ஓயா சொன்னதெல்லாம் ஒரே வரிதான்: "ரெண்டு வருஷத்துக்கு ஜாக்கிரதையா இருக்கணுமாம்." யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கணவன் கமோல் மார்ச்சில் ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க்கில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஜாக்கிரதை முழுவதும் முனீஸாவின் தலையில் விழுந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் அண்ணன், சலோமத்தின் கணவன் இல்ஹோமும் ஒரே விமானத்தில் வருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை தந்தூர் அடுப்பில் ரொட்டி அறையும்போது முனீஸாவின் கண்ணில் அது வந்தது.

முதலில் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம். அது ரம்பத்தின் பல்லைப்போல வளைந்து வளைந்து, மின்னிக்கொண்டே பெரிதானது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிற்கும் ஓயாவின் முகத்தில் பாதி இல்லை. ஒரு கண்ணும் ஒரு கன்னமும் இருந்த இடத்தில் வெளிச்சம் கொதித்துக்கொண்டிருந்தது. இது அவளுக்குப் புதிதல்ல. பத்தாவது படிக்கும்போதிலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம், இரண்டு தரம் வரும். அரை மணி நேரம் மின்னிவிட்டுப் போகும், பிறகு பாதித் தலை பிளக்கும், வாந்தி வரும், ஒரு நாள் இருட்டில் படுத்துக் கிடந்தால் சரியாகும். ஆனால் சலோமத்தின் அட்டையை ஆரம்பித்த பிறகு இது மூன்றாவது தடவை. இந்த முறை விரல் நுனியிலிருந்து ஒரு மரமரப்பு ஏறி முழங்கையைத் தாண்டி உதட்டைத் தொட்டது. கையிலிருந்த மாவு நழுவித் தணலில் விழுந்தது.

"ஓயா" என்று கூப்பிட நினைத்தாள். வாயிலிருந்து வேறு ஏதோ சத்தம் வந்தது.

ஓயா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருமகளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தாள். இரும்புக் கரண்டியில் தணலை அள்ளி, கண்ணேறு கழிக்கும் இஸ்பந்து விதையில் ஒரு பிடி போட்டாள். விதைகள் படபடவென்று வெடித்தன. கசப்பும் காட்டமுமான புகை எழுந்தது. கரண்டியை முனீஸாவின் தலையைச் சுற்றி மும்முறை எடுத்தாள்.

"நேத்து யாருடி வந்தா?"

"பக்கத்து வீட்டு அபா" என்று சலோமத் வாசலிலிருந்து சொன்னாள். "புதுத் திரைச்சீலை நல்லாருக்குன்னு சொன்னா. ரெண்டு தரம் சொன்னா."

"அவ கண்ணு பட்டா பச்ச மரம் பத்தி எரியும். புருஷன் வர்ற நேரம் பாத்து வந்து பொசுக்கிட்டுப் போயிருக்கா பாரு."

"திரைச்சீலையத்தானே பாத்தா? எரிஞ்சா அதுதானே எரியணும்?"

"நீ வாய மூடு."

மறுநாள் மதியம் தலை கொஞ்சம் தெளிந்தது. ஆனால் வேறொரு கவலை வந்தது. அட்டையில் நாலே மாத்திரைகள்தான் மிச்சம். சலோமத்திடம் வேறு இல்லை. கடைத்தெருவுக்குப் போய்வந்த தெருப் பெண் ஒருத்தி கையை விரித்தாள். எல்லாக் கடையிலும் தீர்ந்துவிட்டது. அடுத்த ஊர் சுகாதார நிலையத்தில் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறாள், அங்கே இனாமாகக் கிடைக்கும் என்றாள். சலோமத் உடனே சால்வையை எடுத்தாள். முனீஸா தலைத்துணியைக் கூட மாற்றவில்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக அவள் போகவில்லை. மாத்திரை வேண்டும், அதற்காகத்தான் போனாள்.

டாக்டர் நிகினாவுக்கு முப்பது ஆகவில்லை. அந்த மலைப்பக்கத்திலிருந்து டாக்டருக்குப் படித்த முதல் பெண், லாரி ஓட்டுநரின் மகள். சுகாதார நிலையத்தில் ஒற்றைக் கம்பி மின்னடுப்பு சிவந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஆட்டுத்தோல் மேல்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பேரு?"

"முனீஸா" என்றாள் சலோமத்.

"வயசு?"

"முப்பத்தொண்ணு. மூணு பிள்ள. கடைசி ஆபரேஷன்" என்றாள் சலோமத்.

டாக்டர் நிமிர்ந்தாள். "இவங்க வாய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டாங்களா?"

"இருக்கு டாக்டர்" என்றாள் முனீஸா.

"நல்லது. இப்ப கர்ப்பமா இருக்க வாய்ப்பு உண்டா?"

"போன மார்ச்ல போன மனுஷன்" என்று சலோமத்தே மறுபடி குறுக்கே வந்தாள். "ஃபோன்ல உண்டாகறதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கலயே டாக்டர்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரத்த அழுத்தம் பார்த்தாள், சரியாக இருந்தது. கால் வீக்கம்? இல்லை. புகை? சீ. சர்க்கரை, மஞ்சள் காமாலை, நெஞ்சு வலி? இல்லை, இல்லை, இல்லை.

"வேற ஏதாவது நோய்?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் முனீஸா. அவள் பொய் சொல்லவில்லை.

"தலைவலி?"

"மருமகளா வாழ்க்கைப்பட்டவளுக்குத் தலைவலி வராம என்ன செய்யும்?" என்றாள் சலோமத்.

டாக்டர் இழுப்பறையைத் திறந்து மூன்று அட்டைகளை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொள்ள முனீஸா குனிந்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இஸ்பந்து வாசனை அடிக்குதே. வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல. எனக்குத்தான் போட்டாங்க."

"உனக்கு என்ன?"

"நோய் இல்ல டாக்டர். கண்ணேறு."

டாக்டர் அட்டைகளை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "சொல்லு. கண்ணு பட்டா உனக்கு என்ன ஆகும்?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பட்டது யார் கண் என்றுதான் கேட்பார்கள். முனீஸா மெல்லச் சொன்னாள். ரம்பப் பல்லைச் சொன்னாள், பாதி முகம் காணாமல்போனதைச் சொன்னாள், விரலிலிருந்து உதட்டுக்கு ஏறிய மரமரப்பைச் சொன்னாள், ஓயா என்று கூப்பிட வராமல் போனதைச் சொன்னாள். எப்போதிலிருந்து என்றும், மாத்திரை ஆரம்பித்த பிறகு எத்தனை தடவை என்றும் டாக்டர் கேட்டாள். அதையும் சொன்னாள். டாக்டரின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"நோய் இருக்கான்னு கேட்டேன். இல்லன்னு சொன்ன."

"கண்ணேறு நோயா டாக்டர்?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். இழுப்பறையை அறைந்து சாத்தினாள். "நகரத்துல கத்துக்குடுத்த மாதிரியே கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்!" பிறகு ஒரு மூச்சை இழுத்து விட்டாள். "கேளு. இது கண்ணேறு இல்ல. ஒரு வகைத் தலைவலி இது. வர்றதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் காட்டும், கை மரத்துப்போகும். இந்தத் தலைவலி இருக்கற பொம்பளைக்கு இந்த மாத்திரை ஆகாது. கொஞ்சமா தின்னலாம், ஒரு மாசம் மட்டும் தின்னலாம், அந்தப் பேச்செல்லாம் கிடையாது. ஆகாதுன்னா ஆகாது. இதுல இருக்கற ஒரு சமாச்சாரம் ரத்தத்த உறைய வைக்கும். மூளைக்குப் போற குழாய் அடைச்சா ஒரு பக்கம் விழுந்துடும். எல்லாருக்கும் அப்படி ஆகறதில்ல, ஆகறவங்க கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துல நீ இருக்கியான்னு பாத்துத் தெரிஞ்சுக்க எனக்கு ஆசை இல்ல."

"மிச்சம் நாலுதான் இருக்கு" என்றாள் முனீஸா, மெதுவாக.

"அத இங்க குடு."

சலோமத் சும்மா இருப்பாளா? "நான் எட்டு வருஷமா தின்னுறேன். எனக்கு ஒரு மண்ணும் ஆகலயே! டிசம்பர்ல ஆரம்பிப்பேன், மார்ச்ல விடுவேன்."

"கைய நீட்டுங்க அபா."

பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். இறக்கினாள். மறுபடியும் அடித்தாள். கொஞ்சம் பொறுத்து மற்றக் கையிலும் பார்த்தாள். சலோமத்தின் ரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்கு மேல்.

"உங்களுக்கும் கிடையாது."

"எனக்கு எங்கயும் வலிக்கலயே!"

"வலிக்காது. வலிக்காம இருந்து ஒரு நாள் சாய்க்கறதுதான் அதோட வேலை. வயசும் நாற்பது இருக்கும். இன்னொண்ணு சொல்றேன், இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் மைக் வெச்சுச் சொல்லணும் போல இருக்கு. இந்த மாத்திரைய ஆரம்பிக்கற முதல் மாசங்கள்லதான் ரத்தம் உறையற ஆபத்து அதிகம். நீங்க ஒவ்வொரு டிசம்பர்லயும் புதுசா ஆரம்பிக்கறீங்க. பாதுகாப்பான மாசங்களை எல்லாம் விட்டுட்டு ஆபத்தான மாசங்கள மட்டும் பொறுக்கித் தின்னுறீங்க."

சலோமத் ஊருக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாகப் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தாள்.

முனீஸா மேசைமேல் கிடந்த அட்டைகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கமோல் வந்துவிடுவான். ஒரு பக்கம் வயிற்றுத் தையல், ஒரு பக்கம் மூளை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பள்ளம். "அப்ப நான் என்னதான் செய்யறது? ஒண்ணும் இல்லாம வீட்டுக்குப் போன்னு சொல்றீங்களா?"

"யாரு சொன்னா? உக்காரு. வழி ஒண்ணு ரெண்டு இல்ல, நாலஞ்சு இருக்கு. எது உனக்குச் சேரும்னு பாக்கணும், அவ்வளவுதான். காப்பர் டி வெச்சுக்கலாம். அது உன் தலைவலிக்கு ஒண்ணும் பண்ணாது."

"ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் வெச்சாங்க. மாசத்துல பாதி நாள் கொட்டும். உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போச்சு. மாடிப்படி ஏற முடியல. நானே போய் எடுக்கச் சொன்னேன்."

டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "இப்பவும் ரத்தம் கம்மிதான். அப்ப அது வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை தரேன். சாப்பாட்டோட தேநீர் குடிக்காதே. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடி."

"ரொட்டிக்குத் தேநீர் இல்லாமயா? அதுக்கு அவள மூளை அடைச்சே சாக விட்டுடலாம்" என்றாள் சலோமத். பேச்சு திரும்பிவிட்டது.

ரத்தத்தை உறைய வைக்கும் அந்தச் சமாச்சாரம் இல்லாத மாத்திரை ஒன்று உண்டு என்றாள் டாக்டர். ஆனால் தினமும் ஒரே நேரத்துக்குத் தின்ன வேண்டும். நேரம் தவறினால் வேலை செய்யாது. முனீஸா யோசித்தாள். மூன்று பிள்ளைகள், ஒரு பசு, ஆண்கள் வந்துவிட்டால் வீடு நிரம்பி வழியும் விருந்தாளிகள். தான் எப்போது சாப்பிடுகிறோம் என்பதே தனக்குத் தெரியாது என்றாள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி உண்டு. இல்லாவிட்டால் மேல்கையில் தோலுக்கு அடியில் வைக்கும் தீக்குச்சி அளவுக் குச்சி. அதிலும் அந்தச் சமாச்சாரம் இல்லை. மூன்று வருஷம் நிற்கும். வேண்டாம் என்றால் எந்த நாளும் எடுத்துவிடலாம். முதல் மாதங்களில் தீட்டு தாறுமாறாக வரும், சிலருக்கு வராமலே போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். மறுபடி கை மரத்து, பேச்சு குழறி, ஒரு மணி நேரத்தில் சரியாகாமல்போனால் இஸ்பந்தைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எது வைத்திருந்தாலும் ஓட வேண்டும்.

"எது நல்லது டாக்டர்?"

"உனக்கு ஆகாதது எதுன்னு நான் சொல்லுவேன். ஆகறதுல எது வேணும்னு நீதான் சொல்லணும். உன் உடம்பு."

முனீஸா சலோமத்தைப் பார்த்தாள். பழக்க தோஷம். சலோமத் கூரையைப் பார்த்தாள். "என்ன ஏன் பாக்கற? நான் குடுத்ததுல உனக்கு மூளை அடைக்க இருந்துச்சு."

"குச்சி" என்றாள் முனீஸா.

குச்சி அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை இஸ்ஃபரா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் அங்கே ஃபோன் போட்டுப் பேசினாள், பேச்சில் பாதி சண்டை. வைத்த பிறகும் ஒரு வாரம் அதை நம்பக் கூடாது, அந்த ஒரு வாரம் கணவர் ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள்.

"ஒன்பது மாசம் கழிச்சு வர்ற மனுஷன்கிட்டயா?" என்றாள் முனீஸா.

"ஒன்பது மாசம் பொறுத்த மனுஷனுக்கு ஒரு ரப்பரைப் பொறுக்க முடியாதா? எல்லாத்தையும் நீதான் தின்னணும், நீதான் குத்திக்கணும், நீதான் சாகணுமா?" டாக்டருக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. "உங்க ஓயாகிட்ட நான் வந்து பேசட்டுமா?"

"வேண்டாம் டாக்டர். நீங்க வந்தா தெருவே பின்னாடி வரும். நானே சொல்லிக்கறேன்."

அன்று மாலை, அடியில் தணல் வைத்த கணப்புமேசைக்கு மேல் போர்த்திய தடித்த போர்வைக்குள் கால்களை நீட்டி ஓயா வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். முனீஸா எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஓயா கடைசிவரை கேட்டாள். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"கையில குச்சி வெச்சுக்கிட்டா நீ மலடுன்னு ஊர் பேசும்."

"மூணு பிள்ளைய ஊர் எண்ணிப் பாக்கட்டும்."

"அந்த டாக்டர் பொண்ணுக்குக் கண்ணேறு தெரியாதா? அவ அம்மாவே இஸ்பந்து போட்டுதான் அவள வளத்தா. எனக்குத் தெரியும்."

"நீங்க இஸ்பந்து போடுங்க, ஓயா. தினம் போடுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. மாத்திரைதான் வேண்டாம்ங்கறேன்." முனீஸா உடைத்த பருப்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகு, பதினொரு மாதமாகக் கேட்காததைக் கேட்டாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் உங்ககிட்டதான் பேசினார். என் தலைக்கு மேல நின்னு. என்ன சொன்னார்? முழுசா சொல்லுங்க."

ஓயா ஒரு வால்நட்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். உடைக்கவில்லை.

"அடுத்த தடவ வந்தா, பிள்ளையக் காப்பாத்தட்டுமா அம்மாவக் காப்பாத்தட்டுமான்னு உங்களக் கேப்பேன், பதில தயாரா வெச்சுக்கங்கன்னார்."

"என்ன பதில் வெச்சிருக்கீங்க?"

"பதில் எங்கடி வெச்சேன்?" ஓயாவின் குரல் உடைந்தது. "அந்தக் கேள்வியே வரக் கூடாதுன்னுதான் உன் தலையச் சுத்திச் சுத்திப் புகை போடறேன். எனக்குத் தெரிஞ்சது அதுதானே? அந்த ரத்தத்த நீ பாக்கல. மயக்கத்துல கிடந்த. நான் பாத்தேன்."

முனீஸாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். அவள் உயிரைப் பற்றிய பேச்சு அது, அவளுக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். கோபம் வந்தது, வராமல் இல்லை. ஆனால் அதைச் சொல்லக் கிழவியின் முகத்தைப் பார்த்தபோது, இத்தனை நாளும் தூக்கம் கெட்டுக் கிடந்தது தான் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

"இனிமே என்கிட்ட சொல்லுங்க, ஓயா. என்னப் பத்தி யார் என்ன சொன்னாலும் என்கிட்ட சொல்லுங்க."

ஓயா தலையை ஆட்டினாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு கேட்டாள்: "குத்தினா வலிக்குமா?"

"மரத்துப்போற ஊசி போட்டுத்தான் வைப்பாங்களாம்."

"வெள்ளிக்கிழமை நான் பிள்ளைகளப் பாத்துக்கறேன். சீக்கிரம் வந்து சேருங்க. சுண்ணாம்பு அடிக்கற வேல பாதியில நிக்குது."

வெள்ளிக்கிழமை இரண்டு ஓரகத்திகளும் வேனில் நெருக்கியடித்து இஸ்ஃபராவுக்குப் போனார்கள். சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. இடது மேல்கையின் உள்பக்கம் ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான். தொட்டுப் பார்த்தால் தோலுக்கு அடியில் குச்சி தட்டுப்பட்டது. சலோமத்துக்கு அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்குக் காப்பர் டி சேரும், ஆனால் அடுத்த தீட்டு வரட்டும் என்றார்கள். திரும்பும் வழியில் சலோமத் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பாதி தூரம் போன பிறகு, "எனக்கு நல்லாருந்தா உனக்கும் நல்லாருக்கும்னு நெனச்சேன்டி" என்றாள்.

"நீங்க குடுக்கலன்னா நான் அந்த டாக்டரப் பாத்திருக்கவே மாட்டேன். நீங்களும்தான்."

"ஆமா. இப்ப உப்பக் குறைக்கச் சொல்றா. தேநீரு போச்சு, உப்பு போச்சு. இன்னும் ஒரு தரம் போனா ரொட்டியையும் புடுங்கிடுவா."

மிச்சம் இருந்தது கமோல். ஞாயிறு மதியம் விமான நிலையத்திலிருந்து அவன் வீடியோவில் கூப்பிட்டான். தோளுக்குப் பின்னால் கட்டம்போட்ட பைகளோடு ஊர் ஆண்கள் ஒரு கூட்டமே நின்றது. முனீஸா ஃபோனை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனாள். கணவன் பெயரைச் சொல்லி அவள் அழைத்ததில்லை, மகளின் பெயரை வைத்துத்தான் அழைப்பாள்.

"மெஹ்ரோனாவோட அப்பா, பக்கத்துல மருந்துக்கடை இருக்கா?"

"இருக்கு. ஏன், யாருக்கு என்ன?"

அவள் சொன்னாள். கண்ணேறு என்று தொடங்கி, மூளைக் குழாய், தையல், பெரிய டாக்டரின் கேள்வி, குச்சி வரை சொன்னாள். கடைசியாக, ஒரு வாரத்துக்கு அவன் என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது காது சூடாயிற்று. குரல் நடுங்கவில்லை.

கமோல் சட்டென்று ஃபோனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். திரை இருட்டானது. "மெதுவாடி! எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க!"

"நிக்கட்டும். அவங்க வீட்டுலயும் இதே மாத்திரையத்தான் தின்னுட்டு உக்காந்திருக்காங்க."

திரை மறுபடி வெளிச்சமானது. அவன் முகம் சிவந்திருந்தது. சிரிக்கவில்லை. "அந்தக் கேள்விய உண்மையாவே கேட்டாரா, பெரிய டாக்டர்?"

"கேட்டார்."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"எங்கிட்டயே யாரும் சொல்லல."

அவன் கீழே பார்த்தான். "போன மாசம் நான் ஒண்ணு பண்ணிட்டேன்" என்றான். "தம்பி வேணும்னு பெரியவன் ஃபோன்ல கேட்டப்ப, சரின்னு சொல்லிட்டேன். சும்மா ஒரு பேச்சுக்கு." ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். "கை இன்னும் மரத்துப்போகுதா?"

"செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இல்ல."

"சரி. ஒரு வாரத்துக்கு எத்தன வாங்கணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே கணக்குப் போடணும்."

இப்போதுதான் அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் சலோமத் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"தம்பி, உங்க அண்ணன் எங்க? கூப்பிடு அவர. கூச்சமா இருந்தா நீயே ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கு. என்னோடது ஒரு வாரத்துக்கு இல்ல, சொல்லிட்டேன். எனக்கு பிரஷர் நூத்தியெழுபது!"

யெகாத்தரின்பர்க்கில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன், யார் என்று தெரியவில்லை, "எந்தக் கடைடா?" என்று கமோலைக் கேட்பது கொட்டகை வரைக்கும் கேட்டது.